குளிர்காலையில் தடுமாறும் பழைய லாரி

நீலகிரி போன்ற மலைப் பிரதேசங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் உறைபனி விழுவதுண்டு. அத்தகைய காலையில் ஐக்கிய சங்கத்தின் பழைய பெட்ரோல் லாரி குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுமாயின், ஏற்றிய உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலத்தில் போய்ச் சேராது. அந்த நஷ்டம் டிரைவருக்கு மட்டுமன்று. மூட்டை கொடுத்த அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரியது. ஆகையால் இக்கோளாறின் காரணத்தை அங்கத்தினர்களும் ஒருவாறு அறிந்திருத்தல் அவசியம்.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரியும். நிறையில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கையில் பெட்ரோலில் ஒரு பகுதியே ஆவியாகும். எஞ்சியது குழாயின் உட்புறத்தில் துளியாகப் படிந்துவிடும். இக்குறையை ஈடுசெய்யவே கார்புரேட்டரில் சோக் என்னும் மூடி அமைந்துள்ளது. அது காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுதியாக வரச் செய்கிறது. அன்றியும் குளிரில் எண்ணெய் தடித்துவிடும். பாட்டரியின் சக்தியும் குறையும்.

முதலில் கவனிக்க வேண்டியது யாதெனில், என்ஜின் சூடேறிய பின் தடுமாற்றம் நீங்குகிறதா என்பதே.

நீங்குமாயின், குறை பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவில் உள்ளது. சோக்கை இழுத்தால் மூடி முழுவதும் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடாவிடில் கம்பி தளர்ந்திருக்கக் கூடும். பிறகு, என்ஜின் சூடேறுமுன், கார்புரேட்டரும் மானிபோல்டும் பொருந்தும் இடங்களில் சிறிது சோப்பு நீர் தடவலாம். அதனால் ஓட்டம் மாறினால் அங்கே காற்று புகுகிறதென்று கொள்ளலாம். போல்டை முடுக்கியோ, புதிய காஸ்கெட் வைத்தோ அதைத் தடுக்கலாம். கார்புரேட்டர் வழியே வெடித்துச் சீறினால் பெட்ரோல் போதவில்லை. கரும்புகை கக்கினால் பெட்ரோல் மிகுதி.

சூடேறியும் நீங்காவிடில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்து, முனைகளின் இடைவெளியை வண்டிக் கம்பெனியார் குறித்த அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். ஒரு பிளக் மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது விளங்கும். புதிய பிளக் போட்டும் குணமாகாவிடில் வயரையும் வால்வையும் மெக்கானிக்கிடம் காட்டுதல் நலம்.

இவற்றைப் பாராமல் கார்புரேட்டர் திருகுகளை முதலிலேயே திருப்புவது தவறு. ஓட்டம் சற்று வேகமாகி, கோளாறு மறைந்ததுபோல் தோன்றும், பெட்ரோலோ வீணாகும். சூடேறிய பின்பும் சோக்கை இழுத்தே வைத்திருப்பது அதனினும் கேடு. எரியாத பெட்ரோல் சிலிண்டரின் எண்ணெயைக் கழுவிவிடுவதால் பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேயும். அப்பழுது பார்க்கும் செலவு சங்கத்தின் லாபத்திலிருந்தே போகும்.

மற்றொரு முக்கிய விஷயம்: குளிருக்கு அஞ்சிக் கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. அது சிறிது நேரத்தில் உயிரைப் போக்கிவிடும். லாரியை வெளியே தள்ளி நிறுத்திய பின்னரே என்ஜினைக் கிளப்ப வேண்டும்.

காலையில் கண்ட குறையையும் அன்று செலவான பெட்ரோலையும் டிரைவர் தினந்தோறும் நோட்டில் எழுதி வருவாராயின், பஞ்சாயத்தார் சிறு பழுதைச் சிறு செலவிலேயே தீர்த்துவிடலாம்.