பணம் யார் கணக்கில் விழுகிறது?

2017 ஏப்ரலில் பினாங்கைச் சேர்ந்த ஜான்சன் லீ என்னும் இளைஞர் தம் முதலீட்டாளர்களுக்கு ஒரு செய்தி சொன்னார். நிறுவனத்தின் கணக்குகளுக்குள் இணையத் திருடர்கள் புகுந்து 400 மில்லியன் அமெரிக்க டாலரை அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.75 பில்லியன் ரிங்கிட். நிறுவனத்தின் பெயர் ஜேஜேபிடிஆர். அந்நியச் செலாவணி வணிகம் செய்து மாதம் 20 விழுக்காடு லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய திட்டம் அது. அடுத்த மாதமே போலீஸ் அவரைக் கைது செய்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இதற்கெல்லாம் முன்பே ஏறியிருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தவர்கள்தாம் குறைவு.

மாதம் 20 விழுக்காடு என்றால் என்னவென்று கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரிலேயே தட்டிப் பார்க்கலாம். 10,000 ரிங்கிட் போட்டு, லாபத்தை எடுக்காமல் அதிலேயே விட்டுவைத்தால் ஓராண்டில் 89,000 ஆகும். இரண்டு ஆண்டில் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம். மூன்றாம் ஆண்டு முடிவில் 70 லட்சத்தைத் தாண்டிவிடும். நாட்டின் ஆகப் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றான ஊழியர் சேமநிதி வாரியம் (இபிஎஃப்), உலகெங்கும் ஆள் வைத்துப் பணம் போட்டு, 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த ஈவு 6.3 விழுக்காடு. மாதத்துக்கு இல்லை, முழு ஆண்டுக்கு. அதற்கு முந்தைய ஆண்டு 5.5. மாதம் 20 விழுக்காடு சம்பாதிக்கும் வித்தை ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அவர் எதற்காக நம் பத்தாயிரத்தைக் கேட்டு வரப்போகிறார்? அவர் தம் சொந்தப் பத்தாயிரத்தை வைத்துக்கொண்டே மூன்று ஆண்டில் கோடீஸ்வரர் ஆகும் பாதையில் இருப்பாரே.

இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாததில்லை. ஆனாலும் போட்டார்கள். காரணம், போடச் சொன்னவர் தெரிந்தவர். அவருக்கு மூன்று நான்கு மாதம் சொன்னபடி பணம் வந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் போட்ட பணம்தான் தமக்கு லாபமாக வந்தது என்பது அவருக்கே தெரியாது. இவ்வகைத் திட்டங்கள் விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. நம் மைத்துனரும் நம் பக்கத்து வீட்டுக்காரரும் விளம்பரத்தை இலவசமாகச் செய்துவிடுகிறார்கள்.

பினாங்கிலிருந்தே கிளம்பிய இன்னொரு திட்டம் எம்பிஐ. அதன் நிறுவனர் டெடி தியோ 2022-இல் தாய்லாந்தில் பிடிபட்டு, 2024 ஆகஸ்டில் சீனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை அத்திட்டத்தில் சேர்த்ததாகச் சீன அதிகாரிகள் சொன்னார்கள். அவ்வளவு பேரும் ஒருவர் சொல்லி ஒருவர் சேர்ந்தவர்கள்.

இப்படிச் சொல் எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஓர் ஊரைப் பார்ப்போம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் போகும் ரயில் நின்று செல்லும் ஊர் தாசேக் கெலுகோர். தோட்டங்களை விட்டு வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்திலிருந்து பிறைக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். கோயில் கமிட்டியில் இருப்பவர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்தில் இருப்பவர், பழைய தோட்டத்து மண்டோரின் மகன் என்று எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நல்லது கெட்டதற்கு ஓடி வருவதும் இந்த மனிதர்கள்தாம். ஆகவே யாரையும் நம்பாதே என்று இங்கே எழுதிவைப்பதில் பயனில்லை. அப்படி யாரும் வாழ முடியாது. நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். பணம் கொடுக்கும்போது, சொன்னவரை எடைபோடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், பணம் போய் விழும் இடத்தையும் எடைபோடுங்கள். இரண்டும் வேறு வேறு.

மலேசியத் தமிழர்களுக்கு இது புதிய பாடமில்லை. 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் இந்தியர்களின் நிறுவனமாக எழுந்தபோது, ஏறக்குறைய 66,000 பேர் 106 மில்லியன் ரிங்கிட் கொடுத்துப் பங்கு வாங்கினார்கள். நகையை அடகு வைத்தவர்கள், கடன் வாங்கிப் போட்டவர்கள் அதில் ஏராளம். மைக்காவை நான் மேலே சொன்ன திட்டங்களோடு சேர்க்கவில்லை. அது முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம், நடத்திய தொழில்கள் உண்மையானவை. ஆனால் மக்கள் எதை நம்பிப் பணம் போட்டார்கள்? நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் படித்தா? கட்சித் தலைவர் சொன்னார், கிளைத் தலைவர் வீடு தேடி வந்தார். 2010-இல் அந்த ஒரு ரிங்கிட் பங்குக்குக் கிடைத்த விலை 80 சென். இடையில் என்ன ஈவு வந்திருந்தாலும், அதே ஒரு ரிங்கிட்டை ஆண்டுக்கு 6 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் போட்டு 28 ஆண்டு மறந்துவிட்டிருந்தால் ஐந்து ரிங்கிட் ஆகியிருக்கும். மோசடித் திட்டமல்லாத இடத்திலும் இவ்வளவு இழப்பு. கடன் வாங்கி முதலீடு செய்வதும், இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டுவதும் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நம் சமூகத்தில் வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்குவதற்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பணம் போன இடத்தைத் தொழிலாளி கண்ணால் பார்க்க முடிந்தது. அது நிலமாக, மரமாக, பதிவுபெற்ற சங்கத்தின் சொத்தாக இருந்தது.

கூட்டுச் சீட்டையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். பத்துப் பேர் மாதம் நூறு போட்டு, முறை வைத்து ஆயிரம் எடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது. இதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; இப்போது அதற்கு 10 ஆண்டு வரை சிறை, 500,000 ரிங்கிட் வரை அபராதம். ஒரே லயத்தில் குடியிருந்த காலத்தில் சீட்டுப் பிடிப்பவர் எங்கே ஓடிவிடுவார்? இன்று வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத ஐம்பது பேரைச் சேர்த்து நடத்தும் சீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சீட்டுப் பணம் வங்கி வைப்புத் தொகையும் ஆகாது. வங்கி நொடித்துப்போனால் வைப்புத் தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை ஈடு தரும். சீட்டுக்காரர் நொடித்துப்போனால் ஈடு கொடுக்க யாரும் இல்லை.

இனி பணம் விழும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து கணக்கு எண்ணைப் பதிந்ததும், பணத்தை அனுப்புவதற்கு முன்னால் திரை ஒரு கணம் நிற்கிறது. அதில் பெறுபவரின் பெயர் வருகிறது. இவ்வளவு மோசடிக்கும் நடுவே நமக்கு இலவசமாகக் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை இதுதான். “நான் நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் பெயரில் போதைப்பொருள் வழக்கு, பணத்தைப் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்” என்று ஒருவர் மிரட்டுகிறார். திரையிலோ ஏதோ ஒரு தனி மனிதரின் பெயர். “கடன் அங்கீகாரம் ஆகிவிட்டது, முத்திரைக் கட்டணம் 800 வெள்ளி மட்டும் முதலில் போடுங்கள் அண்ணே” என்கிறார் இன்னொருவர். அங்கேயும் தனி மனிதரின் பெயர். கேட்டால், “அது எங்கள் ஏஜென்ட், எங்கள் கணக்காளர்” என்று பதில் தயாராக இருக்கும். நீதிமன்றமோ போலீஸோ வருமானவரி வாரியமோ தனியார் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. கடன் கொடுக்க வேண்டியவர் முதலில் நம்மிடம் பணம் கேட்டால் அங்கே கடன் இல்லை. இந்த முன்பணக் கண்ணியில் அதிகம் சிக்குவது, சிசிரிஸ் கடன் அறிக்கை சரியில்லாமல் வங்கியில் கதவடைக்கப்பட்டவர்கள்தாம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தராது. ஈடு வைத்தால் 12. கடன் சுமை மீறிவிட்டதென்றால், 2006 முதல் இயங்கும் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்லி, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியும் தருகிறது. உரிமமில்லாத வட்டிக்காரரான ஆ லோங்கின் சுவரொட்டி எண்ணை அழைப்பதற்கு முன்னால் அங்கே போகலாம்.

போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் பதிந்து பார்க்கலாம். புகார் ஏற்கெனவே வந்திருந்தால் காட்டும். காட்டாவிட்டால் அந்தக் கணக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை. நேற்றுத்தான் வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்கலாம்.

வாடகைக்கு எடுத்த கணக்கு என்றேன். திரையில் தெரிந்த அந்தத் தனி மனிதர் யார் என்ற கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்தலானது. பெரும்பாலும் அவர் திட்டம் போட்டவர் அல்லர். வேலை தேடும் பையனாக இருக்கலாம். தவணை கட்ட முடியாத தொழிற்சாலைத் தொழிலாளியாக இருக்கலாம். “உன் ஏடிஎம் அட்டையையும் பின் நம்பரையும் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன், கம்பெனி பணம் வந்து போகும், அவ்வளவுதான்” என்று கூட்டாளி சொல்லியிருப்பான். சில இடங்களில் கடன் தருகிறேன் என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். மோசடிக் கும்பலின் தலை எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியாது. போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரரின் வீட்டுக் கதவை.

2024 அக்டோபர் 31 முதல் குற்றவியல் சட்டத்தில் 424ஏ தொடங்கிப் புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்துள்ளன. தக்க காரணமின்றி அடுத்தவரின் கணக்கையோ அட்டையையோ வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தன் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதும், அதன் வழியே சட்டவிரோதப் பணத்தை நடமாட விடுவதும் தனிக் குற்றங்கள். தண்டனை 10 ஆண்டு வரை போகும். “எனக்கு ஒன்றும் தெரியாது, அட்டையை மட்டும்தான் கொடுத்தேன்” என்பது இனித் தப்பிக்கும் வாதமாகாது, கொடுத்ததே குற்றம். மாதம் சில நூறு வெள்ளிக்கு இருபது வயதில் ஒரு குற்றப்பதிவு. பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பத்தியையாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நாமே அனுப்பாமல் பணம் களவுபோகும் வழியும் உண்டு. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், பார்சல் தகவல் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்னும் செயலிக் கோப்பைத் தட்டி நிறுவினால், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி கடவு எண்களை அது படித்துவிடும். குறுஞ்செய்தி வழி ஓடிபி-யைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டதற்கு இத்தகைய ஓட்டைகளே காரணம். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். செயலியாக ஒருபோதும் வராது.

ஐம்பத்தைந்தை நெருங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த வயதில் இபிஎஃப் பணம் முழுவதையும் எடுக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விட்டுவைத்தால் ஆண்டுதோறும் ஈவு சேரும். கோவிட் காலத்துச் சிறப்பு மீட்புகளில் 145 பில்லியன் ரிங்கிட் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. பலருடைய கணக்கில் மிஞ்சியிருப்பது சொற்பம். 2024 மே முதல் மூன்றாவதாக வந்த ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் 50 ரிங்கிட் முதல் எடுக்கலாம் என்பது அவசரத்துக்கு உதவும். ஆனால் அது புதிய கைப்பேசிக்கான பணமில்லை. மொத்தமாகப் பணம் எடுக்கப்போவது உறவினர்களுக்குத் தெரிந்தவுடனே ‘நல்ல திட்டம்’ ஒன்று வீடு தேடி வரும். வந்தவரை உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். அவர் போன பிறகு நிறுவனத்தின் பெயரைப் பேங்க் நெகாராவின் பட்டியலிலும் பங்கு ஆணையத்தின் பட்டியலிலும் தேடுங்கள். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

தவறி அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் பெரிய எதிரி. போன பணம் நிமிடக் கணக்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். கடைசியில் ரொக்கமாகவோ மின்னியல் நாணயமாகவோ மாறியபின் பிடிக்க முடியாது. இடையில் எங்கேயாவது நிறுத்த முடிந்தால்தான் உண்டு. அதற்காகத்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் அமைக்கப்பட்டது. அதன் எண் 997. உங்கள் வங்கியின் 24 மணி நேர மோசடிப் புகார் எண்ணுக்கும் அழைக்கலாம். செயலியில் கணக்கை உடனே முடக்கும் வசதியும் இருக்கும், அது எங்கே இருக்கிறதென்று இன்றே தேடி வையுங்கள். அழைத்த பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.

997-ஐயும் வங்கியின் எண்ணையும் உங்கள் கைப்பேசியிலும், வீட்டிலிருக்கும் பெரியவர்களின் கைப்பேசியிலும் இன்றே பதிந்துவிடுங்கள்.