கியூவில் கழிந்த விடுமுறை

மன்றத்து நண்பர்களுக்கு நினைவிருக்கும். 2024 டிசம்பர் 26-ஆம் நாள், வியாழக்கிழமை, நம்மில் 31 பேர் ஐதராபாத் நகருக்கு வெளியே உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு உல்லாசப் பயணம் போனோம். நாளைக் குறித்தவன் நான். பேருந்து பேசியவன் நான். ஆளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூபாயை வசூலித்தவனும் நானேதான். காலை பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்தோம். மாலை ஆறரைக்கு வெளியே வந்தோம். இந்த ஏழு மணி நேரத்தில் நாங்கள் ஏறிய விளையாட்டுகள் 4. மற்ற நேரமெல்லாம் இரும்புக் கம்பிகளுக்கு இடையே, முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்தபடி நின்றோம்.

திரும்பும் வழியில் முதலாண்டு மாணவன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தருமபுரிப் பக்கத்துப் பிள்ளை. உதவித்தொகை வராத மாதத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டியவன். "ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேங்கண்ணா" என்றான். விடையை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், திட்டிவிட்டான் என்று நினைத்து ஆறியிருப்பேன்.

பூங்காக்காரர்களைக் குறை கூற ஒன்றுமில்லை. தவறு என்னுடையது. அதிலும் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பயில்வது புள்ளியியல். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றியே எங்களுக்கு ஒரு தனிப்பாடம் உண்டு. அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தேர்வுத்தாளில் தெரிந்த வரிசை கண்ணெதிரே வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை!

இந்தப் பாடத்தின் தொடக்கம் கேளிக்கையில் அன்று, தொலைபேசியில். டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது, எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் போதும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வெளிவந்தது. அவர் வழியில் வந்த ஒரு முடிவு நம்மைத் திடுக்கிட வைப்பது. ஒரே ஆள் ஒருவர்பின் ஒருவராகக் கவனிக்கும் மிக எளிய வரிசையை எண்ணிப் பாருங்கள். அவரால் இயன்றதில் 100-க்கு 80 பங்கு வேலை வந்தால், வருகின்றவர் காத்திருப்பது சராசரியாக 4 பேருக்கு ஆகும் நேரம். 90 பங்கானால் 9 பேருடைய நேரம். 95 பங்கானால் 19 பேருடைய நேரம். கூட்டம் சற்றே கூடுகிறது, காத்திருப்போ இரட்டிப்பாகிறது. நாளைச் சற்று மாற்றினால் பெரும் பயன் கிடைப்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

பூங்காவில் நிலைமை இதனினும் மோசம். அங்கே கூட்டம் நாள் முழுதும் சீராக வருவதில்லை. திறந்த முதல் சில மணி நேரத்தில் வெள்ளமாக வந்து விழும். ஒரு விளையாட்டில் மணிக்கு 600 பேர் ஏறலாம் என்று கொள்வோம். விடுமுறை நாளில் மணிக்கு 800 பேர் அதை நோக்கி வருகிறார்கள். முதல் மணி முடிவில் 200 பேர் மிஞ்சுவர்; அப்போது வருபவர் 20 நிமிடம் நிற்க வேண்டும். மூன்றாம் மணி முடிவில் 600 பேர் மிஞ்சுவர். ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அதன்பின் வருவோர் தொகை 600 ஆகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை குறையுமா? குறையாது! வருபவரும் ஏறுபவரும் சமம் என்பதால், சேர்ந்த 600 பேர் அப்படியே நிற்பர். காலையில் பிறந்த கியூவில் நாம் மாலை வரை நிற்கிறோம். நாம் 31 பேரும் பதினொன்றரைக்குப் போய் நின்றது இந்த அண்டா பாதி நிரம்பிய நேரத்தில்.

இதே கணக்கில் 800-க்குப் பதில் 600 பேர் மட்டும் வரும் நாளைக் கருதுங்கள். கூட்டத்தில் கால்பங்குதான் குறைவு. ஒரு மணி நேர நிற்றலோ ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது.

இவ்வளவையும் நான் ஏட்டிலிருந்து எடுத்துக் கைக்குக் கொண்டுவர ஒரு காரணம் வாய்த்தது. என் ஊர் சிவகாசி. அம்மா பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களே அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரங்கள். பண்டிகை முடிந்து ஆலை மூடிய பிறகுதான் அவருக்கு ஓய்வு. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. மறுநாளே அம்மாவும் தம்பியும் ரயிலேறி என்னைப் பார்க்க வந்தார்கள். அம்மா இங்கு வருவது அதுவே முதல் முறை. கையில் இருந்தது 3 நாள். தம்பிக்குப் பூங்கா பார்க்க ஆசை. அம்மாவுக்கோ, ஆண்டுக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்து வெடி சுற்றியதில் முழங்கால் போய்விட்டது. சேர்ந்தாற்போல் கால்மணிக்கு மேல் நிற்க இயலாது. "ஏய்யா, இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து கால்கடுக்க நிக்க வைக்கப் போறியா?" என்று கேட்டார்.

எனவே இம்முறை என் கேள்வி "எத்தனை விளையாட்டு?" என்பதன்று, "எத்தனை நிமிடம் நிற்பது?" என்பதே.

முதலில் நாள். தெலுங்கானாவில் தசரா விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. தீபாவளியும் கழிந்தது. 23-ஆம் நாள் வியாழனைக் குறித்தேன். ஒன்றை மறக்க வேண்டாம்: வாரநாள் என்றாலே கூட்டமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வாரநாட்களில்தான் வரும். முதல் நாளே பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை பள்ளிகள் பதிந்திருக்கின்றன என்று கேட்டுவிடுவது நலம். நான் கேட்டேன், சலிக்காமல் சொன்னார்கள். சிறுவர் கூட்டமாயின் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு உயர வரம்பு உண்டாதலால் அவர்கள் அங்கே வரமாட்டார்கள்.

வாயில் திறப்பதற்கு அரைமணி முன்பே போய் நின்றோம். அம்மாவை மர நிழலில் ஒரு திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, தம்பி மட்டும் வரிசையில் நின்றான். உள்ளே போனதும் கண்ணில் பட்ட முதல் விளையாட்டில் ஏறவில்லை. மக்கள் இயல்பு அது. நுழைந்த இடத்திலேயே தேங்கிவிடுவர். நாங்கள் நேரே கடைசி மூலைக்கு நடந்து, அங்கிருந்து வாயிலை நோக்கித் திரும்பி வந்தோம். முதல் ஒன்றரை மணியில் தம்பி 5 விளையாட்டு முடித்துவிட்டான். சென்ற முறை 7 மணி நேரத்தில் எனக்குக் கிடைக்காதது!

இனி, வரிசையை அளக்கும் முறை. அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் ஒரு விதியை நிறுவினார்: காத்திருப்போர் தொகை, வருகை வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். இதை மடக்கிப் பார்த்தால் நமக்கு வேண்டியது கிடைக்கும். உமக்கு முன்னால் நிற்பவர்களை எண்ணுக. மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்து அதனால் வகுக்க. கம்பித் தடுப்பில் ஒரு மடிப்பை எண்ணி, மடிப்புகளால் பெருக்கினால் போதும். வண்டி கிளம்பி, அடுத்த வண்டி கிளம்பும் வரை கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 24 பேர் ஏறும் ரோலர் கோஸ்டர் 3 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பினால் மணிக்கு 480 பேர். முன்னால் 120 பேர் நின்றால் கால்மணி. அம்மாவின் முழங்காலுக்கு அதுவே எல்லை.

நீண்ட கியூவைக் கண்டு ஓடுபவர் பலர். ஓடக் கூடாது. 40 பேர் ஏறும் ஆடும் கப்பல் 4 நிமிடத்துக்கு ஒருமுறை ஆடினால் மணிக்கு 600 பேர். 200 பேர் நின்றாலும் 20 நிமிடமே. நாலு பேர் ஏறும் சின்ன வண்டி நிமிடத்துக்கு ஒன்று போனால் மணிக்கு 240 பேர். 120 பேர் நின்றாலே அரைமணி. குட்டை வரிசையில் நின்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இன்னொன்று: நால்வர் இருக்கையில் மூவர் குழு ஏறினால் ஓரிடம் காலி. பணியாள் "தனியாள் உண்டா?" என்று கேட்பார். கூட்டாளிகளை விட்டுப் பிரிய மனமுள்ளவன் அப்போது கை தூக்கலாம். நம் ஆட்கள் பிரியமாட்டார்கள். 31 பேரும் ஒரே கொத்தாகவே நின்றோம்.

நண்பகலில் வெயில் ஏறியதும் எல்லோரும் நீர்ச்சறுக்குப் பக்கம் போய்விடுவர். அந்நேரம் உலர்ந்த விளையாட்டுகள் ஓரளவு ஓய்ந்திருக்கும். நீருக்குப் பிற்பகலில் போகலாம். நீர்ப் பகுதி எப்போது மூடும் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்க. சாப்பாட்டை மட்டும் நான் கணக்கில் சேர்க்க மறந்தேன். ஒன்றேகாலுக்குப் போய், பள்ளிப் பிள்ளைகளின் பின்னே 40 நிமிடம் நின்றேன். பன்னிரண்டுக்கு முன்பே உண்டிருக்க வேண்டும். நல்லவேளை, நின்றது நான் மட்டுமே.

மாலைக்குள் தம்பி 11 விளையாட்டு ஏறினான். அம்மா மூன்றில் ஏறினார். மூன்றுக்கும் சேர்த்து நின்றது அரைமணிக்குள். கடைசியாக ராட்சத ராட்டினம். உச்சியில் அது நின்றபோது, "நம்ம ஊரு எந்தப் பக்கம்யா?" என்று கேட்டார். தெற்கு என்று நினைத்த பக்கத்தைக் காட்டினேன். இறங்கும் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் என்பது இத்தொழிலுக்குப் பிறவி நோய். 1955 ஜூலை 17-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது, அழைப்பிதழ் பெற்றவர்களுக்கென்றே வைத்த நாளில் கள்ளச் சீட்டுகளோடு ஏராளமானோர் புகுந்து, ஏறத்தாழ 28,000 பேர் திரண்டனர். வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் காலணிகள் சாலையில் புதைந்தனவாம். அதே நிறுவனம் 1999-இல் நேரம் குறித்த இலவசச் சீட்டுமுறையைக் கொண்டுவந்தது. 2021 முதல் அவ்வசதிக்குத் தனிக் காசு. நம் நாட்டுப் பூங்காக்களிலும் கூடுதல் பணம் கொடுத்தால் முன்னே போகும் சீட்டு விற்கிறார்கள். வாங்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். நான் விரும்பவில்லை. அச்சீட்டினால் இருக்கை ஒன்றும் கூடுவதில்லை. மணிக்கு 600 இடத்தில் 200 இடம் சீட்டுக்காரர்களுக்குப் போனால், மற்றவர்களுக்கு எஞ்சுவது 400. அவர்களுடைய 40 நிமிடம் 60 நிமிடமாகிறது. பணமுள்ளவன் தன் காத்திருப்பை இல்லாதவன் தலையில் இறக்கி வைக்கிறான். தருமபுரித் தம்பியை அந்த நீண்ட கியூவில் விட்டுவிட்டு நாம் முன்னே போவதா?

மீண்டும் பயணம் போக வேண்டும் என்று பொதுக்குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை என்பது பெரும்பாலோர் விருப்பம்; வகுப்பு இல்லை என்பது காரணம். ஜனவரி முதல் வாரம் கழிந்து, சங்கராந்தி விடுமுறை தொடங்குவதற்கு முன் வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை நான் முன்மொழிகிறேன். ஒரு நாள் வகுப்பு போகும். குறிப்பேடுகளை நான் வாங்கித் தருகிறேன். விடுமுறை தொடங்கிவிட்டால் வேறொரு வரிசை காத்திருக்கிறது: நகரத்தில் பாதி விசயவாடாச் சாலைச் சுங்கச்சாவடியில் போய் நிற்கும். பேருந்து காலை ஏழரைக்கே விடுதி வாசலில் நிற்க வேண்டும். எட்டு எட்டுப் பேராகப் பிரிந்து போவோம். பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு.

சென்ற முறை வந்தவர்களிடம் இம்முறை முன்பணம் வாங்கப்போவதில்லை. தருமபுரித் தம்பியிடம் பேசிவிட்டேன். "கணக்கைக் காட்டுங்கண்ணா, அப்புறம் சொல்றேன்" என்றிருக்கிறான். இக்கட்டுரையின் முதற்படியை அவனிடம்தான் கொடுத்திருக்கிறேன்.