எடை வைக்குமுன் எண்ணைச் சோதித்தல்: சுழலும் பொறிகளின் அதிர்வளவீடு

செம்பனை எண்ணெய் ஆலைகளில் கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் இடையே பெரிய விசிறி ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரியும்போது எழும் புகையை இழுத்து வெளியேற்றுவது அதன் பணி. புகையோடு வரும் சாம்பல் விசிறியின் இதழ்களில் படிகிறது. எல்லா இதழ்களிலும் ஒரே அளவாகப் படிந்தால் தொல்லையில்லை. ஆனால் அவ்வாறு படிவதில்லை. ஒரு பக்கம் கனக்கும். விசிறி அதிரத் தொடங்கும்.

கனம் சிறிதுதானே என்று தோன்றலாம். நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும் விசிறியில், மையத்திலிருந்து அரை மீட்டர் தொலைவில் 50 கிராம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். அது தோற்றுவிக்கும் மையவிலக்கு விசை ஏறத்தாழ 617 நியூட்டன். அதாவது 63 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். அவ்விசை நொடிக்கு 25 முறை சுற்றிச் சுற்றித் தாங்கிகளை இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

இத்தகைய விசிறியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்லாமல், அது நிற்கும் இடத்திலேயே சமன்செய்யும் முறை புதியதன்று. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் தியர்ல் இதனைப் பற்றி 1934ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். முதலில் பொறியை உள்ளபடியே இயக்கி அதிர்வை அளக்க வேண்டும். பின்னர், அளவும் இடமும் அறிந்த ஒரு சோதனை எடையை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவீடுகளுக்கும் உள்ள வேறுபாடு அந்த எடையின் விளைவு. ஓர் எடையின் விளைவு தெரிந்தால், எவ்வளவு எடையை எங்கு வைத்தால் பழைய அதிர்வு நீங்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கு எளியது, இன்று கைக்கருவியே அதனைச் செய்துவிடுகிறது. கருவிக்குள் செல்லும் எண்கள் மெய்யானவையா என்பதை மட்டும் கருவி சொல்வதில்லை.

அளவீடு என்பது இங்கு இரண்டு எண்களாலானது. அதிர்வு எவ்வளவு என்பதை வீச்சு சொல்லும். சுழலியின் எப்பக்கம் கனக்கிறது என்பதற்கான தடயத்தைக் கட்டம் சொல்லும். அச்சுத்தண்டில் ஒளி திருப்பும் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி, அது ஒளியுணரியைக் கடக்கும் கணத்திலிருந்து அதிர்வின் உச்சம் எத்தனை பாகை தள்ளி வருகிறது என்று அளப்பதே கட்டம். வீச்சைக் கவனிப்போர் பலர். கட்டத்தைக் கவனிப்போர் சிலரே. இங்குதான் பெரும்பிழை நுழைகிறது. சரிசெய்யும் எடை அளவில் துல்லியமாக இருந்து, வைத்த இடம் மட்டும் 10 பாகை தவறினால் பழைய அதிர்வில் 17 விழுக்காடு எஞ்சும். 30 பாகை தவறினால் பாதிக்குமேல் எஞ்சும். 60 பாகை தவறினாலோ பழைய அதிர்வின் அளவு சற்றும் குறையாது. அதற்கும் மேல் தவறினால் அதிர்வு கூடும். இதனை வகுப்பறையில் ஒரு சமபக்க முக்கோணம் வரைந்தே மெய்ப்பித்துவிடலாம்.

எண்கள் தவறுவதற்குக் காரணங்கள் பல. உணரியை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது, கையால் பிடித்துக்கொள்வது, வளைந்த பரப்பின்மீது காந்தத்தை ஒட்டி அது ஆடுவதைக் கவனியாதிருப்பது ஆகியவை எளிதில் திருத்தக்கூடியவை. தாங்கியின் கூட்டில் ஓரிடத்தைத் துடைத்து, வண்ணத்தால் குறியிட்டு, அங்கேயே வைத்தால் போதும். தண்டில் பளபளக்கும் வேறு இடம் இருந்தால் ஒளியுணரி அதனையும் நாடாவென்று எண்ணி ஏமாறும். அவ்விடத்தில் கறுப்பு வண்ணம் பூசுவர். அடித்தளத் திருகாணி தளர்ந்திருந்தால் அதனை முதலில் முடுக்க வேண்டும்.

பக்கத்தில் ஓடும் பொறி தரும் தொல்லை இவற்றினும் நுட்பமானது. ஒரு விசிறி 1,480 சுற்றிலும் அடுத்தது 1,474 சுற்றிலும் ஓடுவதாகக் கொள்வோம். இரண்டின் அதிர்வுகளும் தளத்தின் வழியே கலந்து, 10 நொடிக்கு ஒருமுறை பெருகித் தணியும். தமிழ் இயற்பியல் நூல்கள் இதனை விம்மல் என்கின்றன. கலைச்சொற்களில் இத்துணைப் பொருத்தமாக வாய்த்த சொல் அரிது என்பது என் கருத்து. அளவி காட்டும் எண் உண்மையிலேயே விம்முகிறது. இரண்டு நொடி பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்பவர் விம்மலின் ஏதோ ஒரு கணத்தைக் குறித்துக்கொள்கிறார். பக்கத்துப் பொறியை நிறுத்த வேண்டும். இயலாதெனில் பல விம்மல்கள் கடக்கும்வரை சராசரி எடுக்க வேண்டும்.

வெப்பமும் அவ்வாறே. குளிர்ந்த நிலையில் முதல் அளவீட்டையும் சூடேறிய பின்னர் இரண்டாவதையும் எடுத்தால், வேறுபாட்டில் எடையின் பங்கு எவ்வளவு, வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. ஒத்ததிர்வுக்கு அருகில் ஓடும் பொறியில் வேகம் சிறிது மாறினாலே கட்டம் பெரிதும் நகர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒருசேரச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. எதனையும் மாற்றாமல் பொறியை நிறுத்தி, மீண்டும் அதே வேகத்திற்கும் வெப்பநிலைக்கும் கொண்டுவந்து அளப்பதே அது. இரண்டு அளவீடுகளும் ஒத்திருந்தால் மட்டுமே சோதனை எடையைத் தொடலாம். அந்த எடையும் வீச்சை 30 விழுக்காடோ கட்டத்தை 30 பாகையோ மாற்றுமளவு இருத்தல் வேண்டும் என்பது பொறியாளர் வழக்கு. அதனினும் குறைந்த மாற்றம் அளவீட்டின் தடுமாற்றத்தில் மறைந்துவிடும்.

ஆலையில் இச்சோதனைக்கு நேரம் கிடைப்பதரிது. கொதிகலன் நின்றால் பழக்குலைகள் குவியும். காத்திருக்கும் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறையும். நானும் ஓர் ஆலையில் அந்த அவசரத்திற்கு இணங்கிச் சோதனையைத் தவிர்த்தேன். ஓர் எடையைப் பற்றவைத்தோம், அதிர்வு குறையவில்லை. இரண்டாவதை வைத்தோம், கூடிற்று. மூன்றாவதை வைத்தபோது மாலையாகிவிட்டது. அதன்பிறகே எதனையும் மாற்றாமல் மூன்று முறை நிறுத்தி இயக்கினேன். கட்டம் முதலில் 40 பாகை, அடுத்து 95, பின்னர் 70 எனக் காட்டிற்று. விசிறி ஒவ்வொரு முறையும் வேறொரு பொறியாக இயங்கிக்கொண்டிருந்தது.

மின்விசையைத் துண்டித்துப் பூட்டிட்டு, உள்ளே இறங்கி இதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். அவை உள்ளீடற்ற இதழ்கள். ஒன்றில் மட்டும் ஒலி மழுங்கிக் கேட்டது. பற்றவைப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதன் வழியே நுண்சாம்பல் உட்புகுந்து, பொறி நிற்கும்போது சரிந்தும் சுழலும்போது வேறோர் இடத்தில் படிந்தும் விளையாடியிருக்கிறது. துளையிட்டுச் சாம்பலை வெளியேற்றி, வெடிப்பையும் துளையையும் அடைத்தோம். அடுத்த இரண்டு இயக்கங்களில் கட்டம் மூன்று பாகைக்குள் ஒத்து நின்றது. முன்பு பற்றவைத்த மூன்று எடைகளையும் வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக அளந்தோம். இறுதியில் அவ்விசிறிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சிறிய தகடுதான்.