உலப்பனையில் ஒளிந்தவரும் நம்மைத் தேடி வந்தவரும்

கம்பளையைத் தாண்டி நாவலப்பிட்டிக்கு முன்னால் ரயில் உலப்பனையைக் கடக்கும். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று மேலே போகிற நம்மில் பலர் அந்த ஸ்டேசனைத் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. 1989 நவம்பர் 12ஆம் திகதி அந்த ஊர்த் தோட்டத்து வீடொன்றில்தான், ஆயுதக் கிளர்ச்சி நடத்திய மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் ரோஹண விஜேவீர பிடிபட்டார். தாடியும் தொப்பியுமாக நாடு அறிந்த முகம் அங்கே மழித்த முகமாக, அத்தநாயக்க என்ற பெயரில், தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாத்தயாவாக, மனைவி பிள்ளைகளோடு குடியிருந்தது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை.

அந்தக் கதையைத்தான் அனுருத்த ஜயசிங்க 'கின்னென் உபன் சீதல' என்று படமாக்கினார். நெருப்பில் பிறந்த குளிர் என்று தமிழில் சொல்லலாம். 2019 ஜனவரியில் திரைக்கு வந்தது. விஜேவீரவாக கமல் அத்தராராச்சி, மனைவி சித்ராங்கனியாக சுலோச்சனா வீரசிங்க. கமலின் நடிப்பைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மேடையில் இடிபோல் முழங்கிய மனிதர், வீட்டுக்குள் பிள்ளைகளின் சத்தத்துக்கும் வாசலில் நிற்கும் வாகனத்துக்கும் ஒரே நேரத்தில் காது கொடுத்திருப்பதை அவர் உடம்பால் காட்டிவிட்டார்.

படத்தைப் பற்றிய பேச்சு இரண்டாகப் பிரிந்தது. தலைவரைக் கணவனாகவும் தகப்பனாகவும் காட்டியது துணிச்சல் என்றார்கள் ஒரு சாரார். அந்தக் கனிவில் அரசியலும் இரத்தமும் மறைந்துவிட்டன என்றார்கள் மறு சாரார். புரட்சித் தலைவரைப் படமாக்க யார் துணிந்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஸ்டீவன் சோடர்பெர்க் 2008இல் சே குவேராவைப் பற்றி நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'சே' படத்தை எடுத்தபோது, கான் விழாவில் பெனிசியோ டெல் டோரோவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனாலும் கியூபப் புரட்சியின் வெற்றிக்குப் பிந்திய மரண தண்டனைகளை ஏன் தாண்டிப் போனீர்கள் என்று கேட்டார்கள். 

இந்த இரண்டு சாராரும் கேட்காத ஒன்றைத்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது. உலப்பனை தேயிலை நாடு. அங்கே விடிந்தால் பெரட்டு, பிறகு மலை, அந்திக்குக் கொழுந்து நிறுவை. படத்தின் கதை வீட்டுக்கும் கட்சிக்கும் நடுவிலேயே ஓடி முடிகிறது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவள் பக்கம் அது திரும்பவே இல்லை. ஒரு தலைவர் தோட்டத்தில் ஒளிந்திருந்தார் என்றால், அந்தத் தோட்டம் வெறும் பச்சைத் திரைச்சீலைதானா?

வேறொரு தலைவரின் கதையாக இருந்தால் இதை விட்டுவிடலாம். விஜேவீரவின் கதையில் விட முடியாது. மக்கள் விடுதலை முன்னணி தொடக்க காலத்தில் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். தோட்டத் தமிழரை அந்த விஸ்தரிப்பின் கருவியாகப் பார்த்த வகுப்பு அது. 1948இல் குடியுரிமை போய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட சனம், அந்த வகுப்பில் அந்நியனின் ஆளாகவும் எண்ணப்பட்டது. கடைசியில் அதே சனத்தின் நடுவில்தான் அவர் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். நாடகத்துக்கு இதைவிடப் பெரிய இடம் ஒரு இயக்குநருக்கு எங்கே கிடைக்கும்? கையில் இருந்ததை எடுக்காமல் விட்டதுதான் என் பார்வையில் இந்தப் படத்தின் பெருங்குறை.

கட்சி அந்தப் பழைய பாடத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்பவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் அந்தக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றதையும் காட்டுவார்கள். சரி. வாக்குப் போட்ட கைகளுக்கு இந்தக் கதை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. லயத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தைப் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதில் தன் பாட்டி இல்லை என்றால், அந்தக் காலத்தில் அவள் எங்குமே இல்லை என்றுதான் அந்தப் பிள்ளைக்குப் படும்.

தோட்டத்துக்குள் வேடத்தில் வந்த இன்னொருவரும் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று துரைமார் பிடித்துக் கொடுத்த காலத்தில், அவர் புடவை வியாபாரி போல மூட்டையோடு லயங்களுக்குப் போனார். ஒருவர் ஒளிவதற்கு வேடம் போட்டார். இவர் நம்மைப் பார்ப்பதற்கு வேடம் போட்டார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். ஹட்டனிலேயே இருந்து வேலை செய்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதி அச்சிட்டு, கூட்டங்களில் தானே பாடினார். படத்துக்கு வேண்டிய பாட்டுக்கூட தொண்ணூறு வருசத்துக்கு முன்னமே எழுதப்பட்டிருக்கிறது.

நடேசய்யரைப் பற்றி ஒரு முழுநீளத் திரைப்படம் நான் அறிய இல்லை. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனும் 1977இல் டெவனில் தோட்டக் காணிக்காக நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனும் மே தினப் பேச்சில் பெயராக வந்து போகிறார்கள். வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்துத் தோட்டத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் பிறகு எத்தனை பேர் நடந்தார்கள்?

கமராவும் காசும் ஒருநாள் வரும். சொல்ல ஆட்கள் அதுவரை இருப்பார்களா என்பதுதான் என்னைத் தூங்கவிடாத பயம். 1989இல் இருபது வயதில் கொழுந்து எடுத்தவளுக்கு இன்று அறுபதை நெருங்குகிறது. முல்லோயாவைப் பார்த்த கண்கள் மூடிவிட்டன. உங்கள் லயத்தில் அந்த நாட்களைப் பார்த்த அம்மாயியோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேசுவதைப் போனில் பதிந்து வையுங்கள். தோட்டத்தின் பெயரையும் திகதியையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.