இடைக்கோடும் இணையப் பெயரின் மதிப்பும்

கோலார் தங்கவயலின் அங்காடி ராபர்ட்சன்பேட்டை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஊர்மக்களுள் பலர் நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியேறிப் பணிக்குச் சென்று மீள்கின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒலிக்கும் இவ்வங்காடியின் வணிகர் ஒருவர், வலைத்தளம் ஒன்றுக்குப் பெயர் தேடுவதாகக் கொள்வோம். கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் என்னும் முச்சொல்லை ஆங்கில எழுத்தில் பதிய விழைகிறார். சொற்களுக்கிடையே இடைக்கோடு இடலாமா? இட்டால் தளத்தின் மதிப்புக் குன்றுமா?

முதலில் கணினியின் நிலையை ஆராய்வோம். இணையப் பெயரில் வெற்றிடத்துக்கு இடமில்லை. எழுத்து, எண், இடைக்கோடு என்னும் மூன்றே அதற்குரிய குறிகள் என 1980களில் வகுத்த நெறிகள் கூறுகின்றன. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளுக்குள் அடங்க வேண்டும். அதன் முதலிலும் இறுதியிலும் இடைக்கோடு நிற்றல் கூடாது. இவ்வரம்புக்குள் இடைக்கோடும் பிற குறிகளுக்கு நிகரானதே. தேடுபொறிக்கும் அதன்மேல் பகையில்லை. கூகுள் அதனைச் சொற்பிரிப்பாகவே கொள்கிறது. 2012 செப்டம்பரில் அந்நிறுவனம் பின்தள்ளியவை, தேடுசொல்லையே பெயராகச் சூடிய தரங்குன்றிய தளங்கள். இடைக்கோட்டுக்காக எத்தளமும் தண்டிக்கப்படவில்லை.

மதிப்பிழப்பு நேர்வது மாந்தர் செவியில். முச்சொற் பெயரில் இடைவெளிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் கோடு வரலாம், வாராதும் போகலாம். ஆகவே ஒரே ஒலிக்கு நான்கு எழுத்து வடிவங்கள் அமைகின்றன. சொல் ஒன்று கூடுந்தோறும் இத்தொகை இருமடங்காகும். தொலைபேசியில் பெயர் சொல்லும்போது 'டேஷ்' என ஒவ்வோரிடத்தும் சொல்லியாக வேண்டும். கேட்பவர் ஒன்றை மறந்தாலும் வேறொருவர் தளத்தை அடையக்கூடும், அவர்தம் மின்னஞ்சலும் வழிதவறக்கூடும். போலித் தளங்கள் பல இடைக்கோடுகளை அடுக்கிப் பெயர் புனைந்தமையால் ஐயமும் சேர்ந்தது. பெயர்ச் சந்தையில் கோடற்ற வடிவத்துக்கே மிகுவிலை கிடைப்பது இவற்றால்தான்.

எனினும் கோடு பொருளைக் காக்கும் இடங்களும் உள. எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்னும் கணினியறிவுத் தளத்தின் பெயர், சேர்த்தெழுதியபோது பாலினமாற்ற வல்லுநர் எனவும் பிரிந்து நகைப்புக்கு இடமாயிற்று. பின்னர் அத்தளம் இடைக்கோட்டை ஏற்றது. செருமனியில் கோடுடைய பெயர்கள் இயல்பாக வழங்குகின்றன; கேட்போரும் அதனை எதிர்பார்ப்பதால் குழப்பம் குறைகிறது.

மதிப்பிழப்பு மாந்தர் செவியிலேயே நேர்கிறது என்னும் கருத்துக்குத் தமிழ் எழுத்தாலமைந்த பெயர்கள் சிறந்த சான்று. இணையப் பெயர்களின் அடித்தளம் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் இடைக்கோட்டையுமே அறியும். ஆதலின் 2003இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு முறை பிறமொழிப் பெயர்களைக் குறியீடாக மாற்றுகிறது. 'எக்ஸ்என்' எனத் தொடங்கி அடுத்தடுத்து இரு இடைக்கோடுகள் வருதல் அதன் அடையாளம். 2011இல் இணையப் பெயர்களின் வேர்ப்பட்டியலில் இடம்பெற்ற 'இந்தியா' என்னும் தமிழ் ஈற்றுப்பெயர், அவ்விரு கோடுகளும் உட்பட 17 குறிகளாகக் கணினிகளுக்கிடையே செல்கிறது. ஆயினும் அக்கோடுகள் எவர் நாவிலும் வருவதில்லை. எவரும் அவற்றைத் தட்டச்சிடுவதுமில்லை. அதனால் அவை பெயரின் மதிப்பைச் சிறிதும் குறைப்பதில்லை. குறைப்பது சொல்லியும் நினைவிற்கொண்டும் எழுதவேண்டிய கோடே என்பது தெளிவாகிறது.

எனவே வணிகர் செய்யத்தக்க ஆய்வு எளிது. பெயரை ஒருமுறை தொலைபேசியில் பெங்களூரிலுள்ள ஐவருக்குச் சொல்லி, எழுதியனுப்பக் கேட்கட்டும். ஐவரும் ஒரே வடிவத்தை எழுதினால் அதுவே பதியத்தக்க பெயர். வடிவங்கள் வேறுபட்டால் பெயரைச் சுருக்கலாம். இயலாதெனின் கோடுடையதும் அற்றதுமான இரண்டையும் தாமே பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.