உழைப்பவர் இடையில் மறைந்தால் ஓய்வூதியம் என்னாகும்?

அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பல்லாயிரவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். இவர்களுள் ஒருவர் இளம் வயதிலேயே இறந்துவிடின், அவர் பெயரில் செலுத்தப்பட்ட ஓய்வூதியப் பணம் வீணாயிற்று என்று குடும்பத்தார் கருதி வாளாவிருந்துவிடுவதுண்டு. இது தவறான எண்ணமாகும்.

16-11-1995 முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. இதன்படி, முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவிகிதம் ஓய்வூதிய நிதியில் சேர்கிறது. மாதம் 12,000 ரூபாய் பெறுபவருக்கு இது ஏறத்தாழ 1,000 ரூபாய் ஆகும். பீஸ் கணக்கில் தைப்பவரும், காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவரும் இத்திட்டத்திற்குப் புறம்பானவர் அல்லர்.

தொழிலாளி தாமே ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். குறைவின்றிப் பெற 58 வயதும் நிறைய வேண்டும். ஆனால் பணியிலிருக்கும்போதே அவர் இறந்தால், இப்பத்தாண்டு விதி குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருப்பினும் போதும். நிதியில் சேர்ந்த தொகை மொத்தமாகத் திரும்பி வருவதில்லை. அது குடும்ப ஓய்வூதியமாக மாறி மாதந்தோறும் வருகிறது.

மனைவிக்கு, அல்லது கணவருக்கு, மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாமல் கிடைக்கும். இக்குறைந்த அளவு 2014 செப்டம்பரில் ஏற்பட்டது. அத்துடன், ஒரே சமயத்தில் இரு குழந்தைகளுக்கு, 25 வயது வரை, அத்தொகையில் தலா நான்கில் ஒரு பங்கு உண்டு. இதுவும் 250 ரூபாய்க்குக் குறையாது. தாய் தந்தை இருவருமில்லாத குழந்தைக்கு நான்கில் மூன்று பங்கு சேரும். விதவை மறுமணம் புரியின் அவரது ஓய்வூதியம் நின்றுவிடும். ஆயினும் குழந்தைகள் அநாதைக் குழந்தைகளுக்குரிய உயர்ந்த தொகையைப் பெறுவர். மணமாகாத தொழிலாளி இறந்தால், அவர் நியமித்தவருக்கும், நியமனம் இல்லையேல் அவரைச் சார்ந்திருந்த தந்தைக்கும், அவருக்குப்பின் தாய்க்கும் ஓய்வூதியம் உரியது.

இவையன்றி, வருங்கால வைப்பு நிதியிலுள்ள தொகை வட்டியுடன் வாரிசுக்குச் சேரும். 1976ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் திட்டத்தின்கீழ், தொழிலாளி ஒரு காசும் செலுத்தாமலே, 7 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கவும் வழியுண்டு.

திருப்பூரில் கம்பெனி மாறுவது வழக்கம். மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடுபவர், தம் குடும்பத்தின் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறார். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுவதே அறிவுடைமை. இடையில் வேலையில்லையேல், திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளலாம். மணமாகுமுன் செய்த நியமனம் மணமானபின் செல்லாது. ஆதலின் அதைப் புதுப்பித்தல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் பெருந்துணை புரியலாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வித்தல், குழந்தைகளின் வயதுச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் திரட்டச் செய்தல், ஓய்வூதியத்திற்கு 10-டி, வைப்பு நிதிக்கு 20, இன்ஷூரன்ஸுக்கு 5-ஐஎஃப் ஆகிய படிவங்களை நிரப்ப உதவுதல் ஆகியவை அவர்கள் செய்யத்தக்கன. ஊரில் துக்கம் விசாரிக்கச் செல்லும் உறுப்பினர், இறந்தவர் எந்தக் கம்பெனியில் வேலை செய்தார், அவருடைய வைப்பு நிதி எண் யாது என்று கேட்டறிவாராயின், அக்குடும்பத்தின் உரிமை இழக்கப்படாது காக்கப்படும்.