எந்த மரத்தின் விதை?

கலங்கிய நீரைக் கொட்டையொன்றால் தெளிவிக்கும் வழக்கம் தமிழ்நிலத்தில் மிகத் தொன்மையானது. சங்கப் பாடல்கள் ‘இல்லம்’ என்று குறிக்கும் மரமே இன்றைய தேற்றா. கலித்தொகையின் நெய்தற்பாட்டொன்றில், அதன் கொட்டையால் தெளிந்த நீர் மனத்தெளிவுக்கு உவமையாக வருகிறது. கேட்போர் யாவர்க்கும் தெரிந்த செய்தியையே புலவர் உவமையாக எடுப்பார். ஆகவே அக்காலத்திலேயே இது வீடுதோறும் பழகிய செயலாக இருந்திருக்க வேண்டும். திருக்குவளைக் கோயிலில் இம்மரம் தலமரமாகவும் போற்றப்படுகிறது.

தேற்றாங்கொட்டை சிறியது, உருண்டையாயினும் இருபுறமும் சற்றே தட்டையானது. மங்கிய மஞ்சள் நிறத் தோலின்மேல் மென்மயிர் படர்ந்திருக்கும். கத்திக்கும் எளிதில் இசையாத கடினம். மண்பானையின் உட்புறத்தை நனைத்து, இக்கொட்டையை அதில் வட்டமாகத் தேய்த்தால், வெண்மையான குழம்பு படலமாகப் படியும். அதன்மேல் ஏரிநீரையோ ஆற்றுப் புதுவெள்ளத்தையோ ஊற்றி வைப்பார்கள். சிறிது நேரத்தில் சேறு கொத்துக் கொத்தாகத் திரண்டு அடியில் இறங்கும். மேலே நீர் தெளியும்.

இச்செயலின் உள்ளே நடப்பதை அறிய, சேற்றின் நுண்மையை முதலில் அறியவேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள களிமண் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 13 நாள் எடுக்கும். துகள் அதனினும் பத்து மடங்கு சிறியதானால் இறங்கும் வேகம் நூறு மடங்கு குறைந்து, அதே தொலைவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீரின் இயல்பான அசைவே அதை என்றென்றும் மிதக்க வைத்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் விரைவில் இறங்கிவிடும். ஆனால் அவை ஒட்டுவதில்லை. களிமண் துகளின் புறப்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒத்த மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும். நோய்தரும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவையும் எதிர்மின்னூட்டம் உடையவையே; பல வேளை சேற்றின்மேல் ஒட்டிக்கொண்டு மிதப்பவை.

நகர்களின் நீர்த்தூய்மை நிலையங்களில் படிகாரம் இந்த விலக்கலை முறிக்கிறது. அதிலுள்ள அலுமினியம் நேர்மின்னூட்டத்தால் துகளின் எதிர்மின்னூட்டத்தை ஆற்றி, கூழ் போன்ற வீழ்படிவாகித் துகள்களை அள்ளிக்கொண்டு இறங்குகிறது. தேற்றாங்கொட்டையின் வழி வேறு. அதன் விதையுணவில் காலக்டானும் காலக்டோமன்னானும் ஆகிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. ஒரு சங்கிலியின் ஒருமுனை ஒரு துகளிலும் மறுமுனை இன்னொன்றிலும் பற்ற, துகள்கள் பாலமிட்டுப் பிணைகின்றன. முருங்கை விதையோ புரதத்தால் இயங்கும் மூன்றாம் வழியில் செல்கிறது. அறிவியலுலகம் அதிகம் ஆராய்ந்திருப்பதும் இதையே.

சூடானில் நைல் ஆற்றங்கரைச் சிற்றூர்ப் பெண்கள், வெள்ளக்காலத்துச் செந்நீரை முருங்கை விதைத்தூளால் தெளிவித்து வந்தனர். செருமானிய ஆய்வாளர் சாமியா அல் அசாரியா ஜான் 1970களில் இதைக் கூர்ந்து நோக்கி, எந்த அளவில் எவ்வாறு செய்யலாம் என்பதை முறைப்படுத்தினார். அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது. கிழக்காப்பிரிக்கப் பெருமுருங்கை உள்ளிட்ட முருங்கைக் குடும்பத்தின் பிற இனங்களையும் ஆராய்ந்து, அவற்றின் விதைகளிலும் தெளிவிக்கும் ஆற்றல் இருப்பதை அவர் கண்டார். வீட்டறிவாகப் புறக்கணிக்கப்பட்டிருந்த ஒன்றை ஆய்வுக்கூடத்துக்குள் மதிப்போடு அழைத்து வந்த அந்தப் பணிக்கு இத்துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார், மலாவி நாட்டின் தியோலோ ஊரில் முருங்கை விதையை முழுநிலையச் சோதனைக்கு உட்படுத்தினர். திரண்டு அடியில் இறங்கும் நிலையிலேயே கலங்கல் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது; மணல் வடிகட்டியைக் கடந்தபின் பெரும்பாலும் 5 கலங்கல் அலகுக்குக் கீழ் வந்தது. 1995ஆம் ஆண்டு ஆய்வுகள் செயற்படும் பொருளைத் தனித்தெடுத்தன. அது ஏறத்தாழ அறுபது அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம், நீரில் எளிதில் கரைவது, அர்ஜினின் மிகுந்தது, ஆகவே குடிநீரின் இயல்பான நிலையில் வலிய நேர்மின்னூட்டம் உடையது. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கிலும் அது அழியாமல் இருக்கும். 2015இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்புரதம் நுண்ணுயிரின் உட்சவ்வையும் வெளிச்சவ்வையும் ஒன்றோடொன்று இணையச்செய்து கொல்கிறது என்பதைக் குளிர்நிலை மின்னணு நுண்ணோக்கியால் காட்டினர். மிகச்சிறிய ஒரு புரதம் சேற்றையும் இழுத்துச் சென்று நுண்ணுயிரையும் சிதைக்கிறது என்பது இயற்கையின் வியக்கத்தக்க சிக்கனம்.

குறைகளும் உண்டு. விதைத்தூளோடு புரதமல்லாத கரிமப்பொருள்களும் நீரில் கரைகின்றன. ஓரிரு நாள் வைத்திருந்தால் எஞ்சிய நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு மீண்டும் பெருகும். புரதத்தை மட்டும் மணலில் படியவைத்து மற்றவற்றைக் கழுவி நீக்கும் முறையை அதே பென்சில்வேனியா ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். நீரில் கரைந்த உப்பை விதை நீக்காது. சிறிதளவே கலங்கிய நீரில் அதன் ஆற்றல் குன்றும்.

ஆனால் இவை எவற்றினும் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் எண்ணம். மிகக் கலங்கிய நீருக்கு லிட்டருக்கு எவ்வளவு முருங்கை விதைத்தூள் என்று கேட்டால், வழிகாட்டு நூல்கள் 50 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராம் வரை என்கின்றன. நான்கு மடங்கு இடைவெளி! படிகாரம் எங்கே வாங்கினாலும் அதன் வேதி அமைப்பு ஒன்றே. விதை அப்படியன்று. நீரின் வேறுபாடு இந்த இடைவெளியில் ஒரு பங்கு. விதையின் வேறுபாடு மறுபங்கு. முற்றிய விதைக்கும் முற்றாததற்கும் ஆற்றல் வேறு. பறித்த பருவத்துக்கும் பங்குண்டு. இவற்றுக்கு அடியில் மரத்துக்கு மரம் மரபிலேயே வேறுபாடு இருக்கிறது. நீரைத் திரட்டும் இப்புரதமே ஒற்றை வடிவினதன்று. ஒரே விதைக்குள் அமினோ அமில வரிசை சற்றே மாறிய பல வடிவங்கள் கலந்து கிடக்கின்றன. எந்த மரத்தில் எவ்வடிவம் மிகும், எதில் மொத்தப் புரதம் செறியும் என்பன அம்மரத்தின் பரம்பரையையும் பொறுத்தவை.

காட்டுச் செடிகளின் இவ்வேறுபாட்டை ஆராயும் கலை ஒரு நூற்றாண்டு வளர்ந்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியலார் யோட்டெ துரேசன், கடற்கரை மணல்மேட்டிலும் உள்நாட்டிலும் வளரும் ஒரே இனச் செடிகளைக் கொணர்ந்து தம் தோட்டத்தில் அருகருகே நட்டார். மண்ணும் நீரும் வெயிலும் ஒன்றானபின்பும் மணல்மேட்டுச் செடி தன் குறுகிய இலையை விடவில்லை. ஆகவே அவ்வேறுபாடு சூழலின் தற்காலிக விளைவன்று, மரபில் பதிந்தது. 1922இல் அவர் இத்தகைய வகைகளைச் சூழல்வகை என்று பெயரிட்டார். பின்னர் கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர் இன்னும் கடினமான வழியை மேற்கொண்டனர். ஒரே செடியைப் பல துண்டாக்கி, கடல்மட்டத்தை அடுத்த ஸ்டான்போர்டிலும் ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்து மாதர் என்ற இடத்திலும் 3050 மீட்டர் உயரத்து மலைமுகட்டிலும் நட்டனர். ஒரே உயிரின் துண்டுகளாதலால், அவற்றிடையே தோன்றிய மாற்றம் சூழலால் ஆனது. வெவ்வேறு செடிகளிடையே மூன்று இடங்களிலும் நிலைத்த மாற்றம் மரபால் ஆனது. 1940இல் வெளிவந்த அவர்கள் நூல் இன்றும் இத்துறையின் அடித்தளம்.

இந்த அளவுகோலை முருங்கையின்மேல் வைத்துப் பார்த்தால் நிலை தெளிவாகிறது. அதன் தாயகம் வட இந்தியாவின் இமயமலை அடிவாரம். அங்கிருந்து நாடெங்கும், பின்னர் ஆப்பிரிக்காவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் மனிதர் கைவழியே சென்றது. சென்ற இடமெல்லாம் காய்க்காகவும் கீரைக்காகவுமே தேர்ந்து வளர்க்கப்பட்டது. யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, மூலனூர் முருங்கை, செம்முருங்கை என்ற நம் வகைகள் பெரும்பாலும் போத்து நட்டு வளர்த்தவை. ஒவ்வொரு போத்தும் தாய்மரத்தின் மறுபதிப்பு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதையால் வளர்வது, ஓராண்டுக்குள் காய்ப்பது, நீண்ட சதைப்பற்றுள்ள காய்க்குப் பெயர்பெற்றது. உழவருக்கு அது பெரும் வரவு. எனினும் நீரைத் தெளிவிக்கும் புரதத்துக்காக எந்த முருங்கையும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. சமையலறைக்காகத் தெரிந்தெடுத்த மரத்தின் விதையையே நாம் நீர்நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கென்ய முருங்கைகளைப் பற்றி 1999இல் வெளிவந்த மரபணுக் கைரேகை ஆய்வு, அந்நாட்டு மரங்கள் வந்தேறிய இனமாயினும் இடத்துக்கிடம் கணிசமாக வேறுபடுவதையும் இந்திய மரங்களிலிருந்து விலகி நிற்பதையும் காட்டியது. தாயகக் காடுகளில் அதனினும் பெரிய வேறுபாட்டுச் செல்வம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே முறை.

தேற்றாவின் நிலை வேறு. அதை யாரும் தோப்பாக வளர்ப்பதில்லை. சந்தைக்கு வரும் கொட்டை காட்டிலிருந்து பொறுக்கியது. தென்னிந்திய, நடுவிந்திய வறண்ட இலையுதிர் காடுகளிலும் இலங்கையிலும் பர்மாவிலும், அங்கிருந்து கடல்கடந்து கிழக்கு, தென் ஆப்பிரிக்காவிலும் இம்மரம் காணப்படுகிறது. இடையில் பெருங்கடல் கிடக்க, ஒரே இனம் இரு கண்டங்களில் பிரிந்து வாழ்வதே வேறுபாடு ஆய்வோரை ஈர்க்கவேண்டிய செய்தி. அதன் ஒட்டுறவான எட்டியின் கொட்டையில் கொடிய ஸ்ட்ரிக்னைன் உண்டு. தேற்றாவில் அந்நஞ்சு இல்லை. இரண்டும் வட்டக் கொட்டைகளாதலால், காட்டிலிருந்து பொறுக்குவோரும் வாங்குவோரும் இவற்றைப் பிரித்தறியும் கண் பெற்றிருப்பது உயிர்காக்கும் அறிவு. எட்டிக்கொட்டை பெரியது, காசுபோல் தட்டையானது.

தேற்றாங்கொட்டையின் சர்க்கரைச் சங்கிலிகளை வேதியியலார் 1990களில் பகுத்துரைத்தனர். காலக்டோமன்னான் சங்கிலியில் மன்னோசுக்குக் காலக்டோசு எத்தனை பங்கு என்பது அதன் கரைதலையும் பிணைக்கும் ஆற்றலையும் மாற்றும். இப்பங்கு காட்டுக்குக் காடு மாறுகிறதா என்பதே அடுத்த ஆய்வின் கேள்வியாக வேண்டும். அதற்குரிய வழியும் அறியாதது அன்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரக் காடுகள் பலவற்றிலிருந்து, ஒரு மரத்துக்கு ஒரு பையென்று, தாய்மரத்தின் இடமும் மண்ணும் குறித்து, முற்றிய விதையைத் திரட்டவேண்டும். கலந்துவிட்ட விதைமூட்டையில் இவ்வறிவு முழுவதும் அழிந்துபோகும். பாதி விதையை ஒரே சேற்றுநீரில் ஒரே அளவு தூளாக இட்டு, தெளியும் நேரத்தையும் எஞ்சும் கலங்கலையும் அளக்கவேண்டும். மறுபாதியை ஒரே தோட்டத்தில் விதைத்து, அவை காய்க்கும் நாள்வரை காத்திருக்கவேண்டும். அப்போதே தாயின் ஆற்றல் சேய்க்கு இறங்கியதா, மண்ணோடு நின்றதா என்பது தெரியும்.

மரத்தின் காலம் மனிதரின் திட்டக்காலத்தினும் நீண்டது. தேற்றா மெல்ல வளர்வது. ஐந்தாண்டு நிதியில் முடியும் ஆய்வன்று இது. முருங்கைக்கோ அந்தத் தடை இல்லை. விதையிட்ட ஓராண்டில் காயைப் பறிக்கலாம். இமயமலை அடிவாரத்துக் காட்டு முருங்கையும் தென்னிந்தியக் காடுகளின் கொங்கண முருங்கையும் நம் வேலியோர முருங்கையும் ஒரே வயலில் வளர்க்கப்பட்டால், எந்த விதை லிட்டருக்கு 50 மில்லிகிராமில் தெளிவிக்கும், எதற்கு 200 வேண்டும் என்பதைச் சில ஆண்டுகளில் அறிந்துவிடலாம். பிண்ணாக்கிலும் புரதம் எஞ்சுவதால், எண்ணெய்க்கும் நீருக்கும் ஒருசேர உதவும் மரவகை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் அவ்வயலிலேயே கைகூடும்.